கடலூர் மண்ணில் மகளிர் கால்பந்து: ஒரு பயிற்சியாளரும் அவர் மாணவியரும்

மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் தேர்வு முடிவு வந்த நாளைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வேறு ஒன்றை எழுதுகிறேன் என்று சொன்னேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள தூரம் 45 கிலோமீட்டர் சுமார். இந்தப் பாதையில் கல்லூரிக் காலத்தில் எத்தனையோ தடவை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறோம். அந்தப் பாதையின் ஒரு முனையில், நம் கண்ணெதிரே நடந்த ஒரு வரலாற்றை நம்மில் பலர் கவனிக்கவே இல்லை. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

வெளியூர்க்காரரிடம் நம் மாவட்டத்தைப் பற்றிச் சொன்னால் நடராசர் கோயில், பிச்சாவரம், நெய்வேலி நிலக்கரி, பண்ருட்டிப் பலாப்பழம் என்று வரிசையாக ஒப்பிப்பார். அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்த்தாக வேண்டும். இந்திய மகளிர் கால்பந்து அணிக்கு வீராங்கனைகளைத் தந்த ஊர் கடலூர். அந்தப் பெயரைக் கடலூருக்கு வாங்கித் தந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர் எஸ். மாரியப்பன்.

பெண்ணுக்குப் பந்தா?

நாங்கள் படித்த காலத்தில் பெண்கள் விளையாட்டு என்றால் கோகோ, த்ரோபால், பூப்பந்து, மிஞ்சிப் போனால் கபடி. கால்பந்து என்பது முழுக்க முழுக்க ஆண் பிள்ளைகளின் சொத்து. மாலை 4 மணிக்கு மைதானத்தில் கோல் கம்பம் நட்டுவிட்டால் அந்தப் பக்கம் மாணவியர் நடந்துகூடப் போக மாட்டார்கள். "பொட்டப் புள்ளைக்கு எதுக்குய்யா பந்து?" என்று கேட்பதற்கு ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது.

இந்தக் கேள்வி நம் ஊரில் மட்டும் எழுந்ததல்ல. கால்பந்தின் தாய்வீடான இங்கிலாந்திலும் இதே கதைதான். முதல் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் அணி அணியாகப் பந்தாடத் தொடங்கினார்கள். பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டிய கால்பந்துச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? அடுத்த ஆண்டே, 1921 டிசம்பரில், தன் உறுப்பு மன்றங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தத் தடை நீங்க 1971 வரை, ஏறக்குறைய 50 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் 1975-இல் இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு தனியாகத் தோன்றியது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் இந்தியா இறுதியாட்டம் வரை போனது. 1983-இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். ஆசியாவிலேயே இரண்டாவது என்ற நிலையில் இருந்த அணி, ஆட்டங்கள் இல்லாமலும் பணம் இல்லாமலும் பிறகு தேய்ந்து போனது. 1990-களின் தொடக்கத்தில்தான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மகளிர் கால்பந்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் தேசியக் கோப்பை என்றால் மணிப்பூர், மணிப்பூர் என்றே ஆண்டுகள் ஓடின. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

டிரில் மாஸ்டர் முதல் கோச் வரை

பயிற்சியாளர் என்ற தொழிலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இன்றைய மாணவர்களுக்கு 'கோச்' என்ற சொல் பழக்கம். நமக்குத் தெரிந்தவரோ 'டிரில் மாஸ்டர்', கொஞ்சம் நவீனமாகச் சொன்னால் 'பி.டி. மாஸ்டர்'. கழுத்தில் விசில், கையில் பிரம்பு, காலையில் பிரேயருக்கு வரிசை பிடிக்க வைப்பவர், கணக்கு வாத்தியாருக்கு நேரம் போதவில்லை என்றால் தன் பீரியடைத் தானம் செய்பவர்.

இந்த வேலையை ஒரு படிப்பாக்கியது சென்னை. எச்.சி. பக் என்ற அமெரிக்கர் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்துதான் தென்னாட்டுப் பள்ளிகளுக்கு முறைப்படி பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வந்தார்கள். பின்னாளில் நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையும் தமிழ்நாடு முழுவதற்கும் ஆசிரியர்களைத் தந்தது. 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கிய பிறகு, ஒரே ஒரு விளையாட்டில் தேர்ந்த பயிற்சியாளர் என்ற பட்டயம் வந்தது. 1992-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்பட்டது. இப்போது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள் 'சி', 'பி', 'ஏ' என்று படிப்படியாக இருக்கின்றன. அதற்கு முந்தைய வாசற்படியாக நம் கூட்டமைப்பு தரும் 'டி' உரிமம்.

ஆனால் எந்த உரிமமும் கற்றுத் தராத ஒரு பாடம் கடலூரில் காத்திருந்தது.

2004 டிசம்பர் 26

அந்த ஞாயிற்றுக்கிழமையை இந்த மாவட்டத்துக்காரர் யாரும் மறக்க முடியாது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சாமியார்பேட்டை, கிள்ளை என்று கரையோரம் முழுக்க அழுகுரல். மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வலையும் படகும் வீடும் போனவர்களுக்குக் கணக்கே இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளும், பெற்றோர் இருந்தும் வளர்க்க வழியில்லாத பிள்ளைகளும் கடலூர் அரசு இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

சுனாமிக்குப் பின் நிவாரணமாக அரிசி வந்தது, துணி வந்தது, படகு வந்தது. ஆனால் இரவில் அலைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு குழந்தைக்கு என்ன நிவாரணம் கொடுப்பது? அந்தப் பிள்ளைகளின் காலடியில் பந்தைப் போட்டவர் மாரியப்பன். அவருடைய பயிற்சியில் இல்லத்துப் பிள்ளைகளும், கரையோரக் குப்பத்துப் பிள்ளைகளும், உள்நாட்டுக் கிராமத்துக் கூலிக்காரர் வீட்டுப் பெண்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி. பெயரை ஒரு தடவை நிறுத்திப் படியுங்கள். 'விளையாட்டு' என்பதோடு 'கல்வி' என்பதும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இந்தக் கட்டுரையின் சாரமே அந்த ஒட்டில்தான் இருக்கிறது என்பேன்.

ஒரு பெண் பிள்ளையைக் கால்பந்து வீராங்கனையாக்க என்னவெல்லாம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பந்தை நிறுத்துவது, கடத்துவது, தலையால் முட்டுவது, இடம் பார்த்து ஓடுவது, இதெல்லாம் மைதானத்தில் சொல்லிக் கொடுக்கலாம். மைதானத்துக்கு வெளியே உள்ள வேலைதான் பெரிசு. முதலில் அரைக்கால் டிராயர் போட வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும். "வெயில்ல கருத்துப் போனா எவன் கட்டிப்பான்?" என்று கேட்கும் பாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். வெளியூர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனால் பொழுது சாய்வதற்குள் பத்திரமாகக் கொண்டுவந்து விட வேண்டும். பூட்ஸுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் யாரிடமாவது கை நீட்ட வேண்டும். வயிற்றுக்கு முட்டையும் பாலும் தேட வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறவர்களிடம் "இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க" என்று கெஞ்ச வேண்டும். இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் விசில் ஊத முடியும்.

போதாததற்கு இயற்கையும் கடலூரைச் சும்மா விட்டதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் பெருவெள்ளம். வீட்டு வருமானம் போனால் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு, அதற்கும் முன்னால் நிற்பது அவளுடைய விளையாட்டு. அந்த ஆண்டுகளையும் தாண்டித்தான் கடலூர்ப் பெண்கள் ஆடினார்கள்.

முளைத்த பயிர்கள்

விளைச்சலைப் பார்ப்போம். சுனாமியின் அடியைத் தாங்கிய குடும்பத்துப் பெண்ணான சுமித்ரா காமராஜ், தமிழ்நாட்டுக்கும் பிறகு இந்தியாவுக்கும் ஆடினார். பண்ருட்டியில் பிறந்து, கடலூர் அரசு விடுதியில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன் இந்தியச் சட்டை அணிந்த முன்கள வீராங்கனை.

கடலூரில் 1994-இல் பிறந்த இந்துமதி கதிரேசன் நடுக்களத்தில் ஆடுபவர். 2017 ஜனவரி 4 அன்று சிலிகுரியில் தெற்காசிய மகளிர் இறுதியாட்டம். இந்தியா 3, வங்கதேசம் 1. மூன்றாவது கோலை அடித்தது நம் இந்துமதி. 2019 மார்ச்சில் பிராட்நகரில் அதே போட்டியின் அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்த இவர், 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னைச் சாலைகளில் காவல் பணியில் நின்றதைப் பத்திரிகைகள் எழுதின.

இவை எல்லாவற்றுக்கும் சிகரம் 2018 பிப்ரவரி 14. கட்டாக் நகரில் தேசிய மகளிர் கால்பந்து இறுதியாட்டம். எதிரே மணிப்பூர், அந்தக் கோப்பையைத் தன் வீட்டு அலமாரிச் சாமான் போல வைத்திருந்த மாநிலம். தமிழ்நாடு 2-1 என்று வென்றது. நந்தினி ஒன்று, இந்துமதி ஒன்று. தமிழ்நாடு அந்தக் கோப்பையைக் கையில் ஏந்தியது அதுதான் முதல் முறை. சேதி கேட்ட அன்று கடலூரில் பட்டாசு வெடித்ததா என்றால், இல்லை. அதுதான் வருத்தம். கிரிக்கெட்டில் ஒரு மாவட்ட அணி ஜெயித்தால் பேனர் கட்டும் ஊர்கள் நம்முடையவை!

அதே ஆண்டு ஷில்லாங்கில் நடந்த இரண்டாவது இந்திய மகளிர் லீகின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் ஒன்று நம் இந்திரா காந்தி அகாடமி. மற்றவற்றுள் கேரளத்தின் கோகுலம் போன்ற பெரிய நிறுவனத்தின் அணியும் உண்டு. அந்த வரிசையில் கடலூரிலிருந்து ஓர் அகாடமி போய் நின்றதே பெரிய காரியம். மறு ஆண்டு 2019 மே மாதம் லூதியானாவில் மதுரையைச் சேர்ந்த சேது அணி அந்த லீகின் சாம்பியன் ஆனது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு மீண்டும் தேசியக் கோப்பையை வென்றது. 2025 ஜூலை 5-இல் இந்திய அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்து, தகுதிச் சுற்றில் ஜெயித்தே 2026 ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. கடலூர் மைதானத்தில் ஓடிய கால்களுக்கும் இந்த நெடிய பயணத்தில் பங்கு உண்டு.

வட கரோலினாவும் கடலூரும்

இங்கே ஓர் ஒப்பீட்டைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் 1972-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதுவும் ஆண், பெண் வேறுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டும் அதற்குள் அடங்கியது. விளைவாகக் கல்லூரிகள் தோறும் மகளிர் அணிகள் முளைத்தன. வட கரோலினா பல்கலைக்கழகம் 1979-இல் மகளிர் கால்பந்து அணியைத் தொடங்கி, ஆன்சன் டோரன்ஸ் என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் 2024 ஆகஸ்டு வரை 45 பருவங்கள் அந்தப் பதவியில் இருந்து 22 தேசியப் பட்டங்களை வென்றார். 1991-இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றபோது நாட்டு அணியின் பயிற்சியாளரும் அவரே. அந்த அணியில் அவருடைய கல்லூரி மாணவியர் பலர் இருந்தனர்.

நான் சொல்ல வருவது அவருடைய பெருமையை அல்ல. அவர் விலகிய அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு பயிற்சியாளரின் கீழ், அதே கல்லூரி மறுபடியும் பட்டம் வென்றது. அதாவது ஆள் போனாலும் அணி நின்றது. ஏனென்றால் மைதானமும் உதவித்தொகையும் மருத்துவரும் பேருந்தும் கல்லூரியின் கணக்கில் இருந்தன, ஒரு மனிதரின் சட்டைப் பையில் இல்லை.

கடலூரில் நடந்தது தலைகீழ். நம் ஊர் மகளிர் கால்பந்து கல்லூரியில் பிறந்து கீழே இறங்கவில்லை. அரசு இல்லத்திலும் குப்பத்திலும் பிறந்து, மேலே ஏறி வந்து கல்லூரிக் கதவைத் தட்டியது. ஒரு பயிற்சியாளரின் தோளில் ஏறித்தான் வந்தது. ஒரு தோள் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கல்லூரியின் பங்கு

பள்ளிப் பருவத்தில் நன்றாக ஆடிய பெண் எங்கே காணாமல் போகிறாள்? பிளஸ் டூவுக்கும் பட்டத்துக்கும் நடுவில். வேலைக்கு அனுப்பலாமா, கட்டிக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கும் வயது அது. ஆட்டக்காரியின் கால் உறுதிப்படும் வயதும் அதுவே. அந்த நேரத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம், கட்டணச் சலுகை, விடுதியில் ஒரு கட்டில், இவை கிடைத்தால் வீட்டில் சொல்வதற்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. "பந்தாடப் போகல, பி.ஏ. படிக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் பந்தும் ஆடலாம். அகாடமியின் பெயரில் விளையாட்டோடு கல்வி ஒட்டிக்கொண்டிருப்பதன் பொருள் இதுதான்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் 17 முதல் 25 வயது வரை ஆடலாம். தென்மண்டலத்தில் முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டி. அந்தச் சான்றிதழ் நாளைக்குக் காவல் துறை, ரயில்வே வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது கை கொடுக்கும். 2021-இல் வந்த சட்டத் திருத்தத்தால் கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தன. அதனால் கடலூர்க் கல்லூரி ஒன்றில் ஆடும் பெண் சிதம்பரத்தின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு போகும் காலம் இது. கடலூரும் சிதம்பரமும் இந்த ஆட்டத்தில் இனி ஒரே அணி.

ஆகவே முன்னாள் மாணவர் சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன். ஆண்டுதோறும் இரண்டு கால்பந்து மாணவியரின் விடுதிக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். வெள்ளி விழா வளைவு கட்டும் பணத்தில் ஒரு பகுதியை மைதானத்தைச் சமன்படுத்தவும், மாணவியர் உடை மாற்ற ஓர் அறை கட்டவும் ஒதுக்கட்டும். மூன்றாவது, வாரத்தில் மூன்று மாலையாவது பெரிய மைதானம் மகளிர் அணிக்கென்றே இருக்கட்டும், ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்சமிருக்கும் அரைமணி வெளிச்சம் போதாது. இதில் எதற்கும் கோடிகள் தேவையில்லை. மனசு இருந்தால் போதும்.

இன்றைய மாணவியருக்கு ஒரு சொல். உங்களில் யாராவது உடற்கல்வி படித்துப் பயிற்சியாளராக வந்தால், அதை இரண்டாந்தர வேலை என்று நினைக்காதீர்கள். 'டி' உரிமத்தில் தொடங்குங்கள். ஒரு பயிற்சியாளரின் தொழில் வாழ்வை அளக்க அலமாரியில் உள்ள கோப்பைகள் போதாது. அவரிடம் பந்து உதைத்த பெண்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் சொந்தக் காலில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கில் மாரியப்பன் பெரிய செல்வந்தர்.

சங்கம் ஆவன செய்யும் என்று நம்புகிறேன். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில், மாலை 5 மணிக்கு ஒரு முறை கடலூர் அண்ணா விளையாட்டரங்கம் பக்கம் போய் வாருங்கள். பந்து உருளும் சத்தம் கேட்டால் கொஞ்ச நேரம் நின்று கை தட்டுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க மகளிர் கால்பந்து!